"சமீபத்தில்"

மாற்றுச் சிறுநீரகம் பெற வந்தவருக்கான படிவத்தில் இருந்த கேள்வி இவ்வளவுதான்: வெறுங்காலுடன் மண்ணில் நடந்ததுண்டா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எதுவரைக்கும் கேட்கிறீர்கள், மேடம்? சின்ன வயதில் என்றால் நாங்கள் எல்லோரும்..." என்று இழுத்தார். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். "சமீபத்தில்" என்றேன். "இல்லை" என்றார். டிக் போட்டேன்.

அந்தச் சொல் படிவத்தில் கிடையாது. நான் சேர்த்தது.

மற்ற குடல் புழுக்களில் பெரும்பாலானவை சில வருடங்களில் தாமே செத்துப்போகும். மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே உடம்புக்குள் ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு அப்படியல்ல. அதன் இளம்புழு வெளியேறாமலே குடல் சுவரைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் போய்விடும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் சிறைப்பட்டிருந்த வீரர்களிடம் 30 ஆண்டுகள் கழித்தும் இதைக் கண்டிருக்கிறார்கள். இதெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன்.

மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, புழு இருந்தால் ஏறக்கூடிய வெள்ளையணுவான ஈசினோபிலும் வெறும் 3 சதவீதம், யார்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்வேன். ஒற்றை மல மாதிரி பெரும்பாலும் இதைத் தவறவிடும் என்பதும், ஈசினோபில் ஏறாமலும் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். "ஆம்" என்று குறித்திருந்தால் ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்கும்.

அறுவைக்குப் பின் ஏழாவது வாரம் வயிற்று உப்புசம், இருமல். பிறகு ரத்தத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரவுப் பணியிலிருந்த ஆய்வக ஊழியர் சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கண்ணாடித் தகட்டில் ஒன்று நெளிந்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்கக் கொடுத்த ஸ்டிராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததில் பெருகிய புழுக்கள் குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஏறியிருந்தன. புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இந்த நிலைக்குப் போனவர்களில் பலர் பிழைப்பதில்லை.

அறுவைக்கு முன் எடுத்துவைத்திருந்த அவருடைய ரத்தத்தைப் பிறகு சோதித்தார்கள்: நெகடிவ். சிறுநீரகம் கொடுத்த அக்காவுக்கு பாசிடிவ். ஆக, புழு சிறுநீரகத்தோடு வந்திருக்கலாம். என் சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலிருக்கலாம். அன்று நன்றாகத் தூங்கினேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் நெகடிவை அப்படியே நம்பிவிட முடியாது. அதோடு, "நாங்கள் எல்லோரும்" என்று அவர் தொடங்கினாரே, அதில் அக்காவும் இருந்தார். அவரை முடிக்க விட்டிருந்தால் அக்காவையும் கேட்டிருப்பேனோ? கேட்டிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. தானம் கொடுப்பவருக்கான படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

இப்போது கொடுப்பவர், பெறுபவர் இருவருக்குமே ஆன்டிபாடி பரிசோதனை. முடிவு வரத் தாமதமானால் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். கால் மண்ணில் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் இன்னும் கேட்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

போன மாதம், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்க வந்திருந்தார். "அன்றைக்கு வெறுங்கால் பற்றி ஏதோ கேட்டீர்களே, மேடம். அது இதற்காகத்தானா?"

"எல்லோரிடமும் கேட்பதுதான்" என்றேன்.