மூட்டையின் எடையும் முதுகின் கணக்கும்

கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால், விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘தூக்கிய முறை தவறு’ என்றே எழுதப்படுகிறது. பிறகு ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும் என்று காட்டும் படம் சுவரில் ஒட்டப்படும். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் படத்தில் உள்ள எதையும் நான் மறுக்கவில்லை. அதை ஒட்டியதோடு தன் கடமை முடிந்தது என்று நிர்வாகம் கருதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 அஞ்சல் ஊழியர்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே முதுகுக் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பலர் நம்பி வாங்கிக் கொடுக்கும் இடுப்புப் பட்டையும் காயத்தைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை.

காரணத்தை உடலின் அமைப்பிலேயே காணலாம். முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள், கீழ் முதுகில் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த ஜவ்வு வட்டுகளின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. 20 கிலோ பெட்டி ஒன்றை முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால், அதற்கு ஈடுகொடுக்க அந்தத் தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் மேலுடலின் எடையை இதில் சேர்க்கவில்லை. அந்த இழுவிசை கீழ் முதுகெலும்பின் அடிக்கோடியில் உள்ள வட்டுகளை நசுக்குகிறது. ஆகவே எவ்வளவு எடை என்பதோடு, எவ்வளவு தள்ளி, எந்த உயரத்திலிருந்து, எத்தனை முறை என்பவையும் சேர்ந்துதான் காயத்தைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த தூக்குதல் சமன்பாடு இதை எண்களில் சொல்கிறது. சுமை உடலை ஒட்டி, இடுப்புக்குச் சற்றுக் கீழே 75 செ.மீ. உயரத்தில், நல்ல கைப்பிடியோடு, உடலைத் திருப்பாமல் எப்போதாவது தூக்கும்படி இருந்தால்கூட அதன் எல்லை 23 கிலோதான். அதே சுமையைக் கணுக்காலிலிருந்து 50 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் எல்லை 9 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு மூட்டை 40 கிலோ; சிமெண்டு மூட்டை 50 கிலோ. இவற்றைத் தரையிலிருந்து எடுப்பவருக்கு எந்த முறையைக் கற்பித்தாலும் கணக்கு அவருக்கு எதிராகவே இருக்கிறது.

தலைச்சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சும்மாட்டின் மேல் நேராக அமர்ந்த மூட்டை முதுகெலும்பின் கோட்டிலேயே இருப்பதால், நடக்கும்போது அது இடுப்பை முன்னோக்கி வளைப்பதில்லை; ஆனால் கழுத்து அதற்கு விலை கொடுக்கிறது. பெரிய ஆபத்து ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். பிரசவத்தில் இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாகச் சாலையோரங்களில் நடப்பட்ட சுமைதாங்கிக் கற்கள், துணைக்கு ஆளில்லாமல், குனியாமல் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் நிற்கின்றன. வழிப்போக்கருக்காக அன்று கல்லில் செய்து வைத்த அந்த ஏற்பாட்டை, நாள் முழுவதும் மூட்டை தூக்குபவருக்காக இன்றைய கிடங்குகள் ஏன் செய்து தரக் கூடாது என்று எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

செய்ய வேண்டியது பெரிய செலவும் அன்று. முதல் வரிசை மூட்டைகளைத் தரையில் அடுக்காமல், தொடை உயரத்துக்கு மேடை கட்டியோ பலகைத் தட்டுகளை அடுக்கியோ வைத்தால் குனிவதில் பெரும்பகுதி குறைந்துவிடும். லாரியின் தளமும் கிடங்கின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். தூக்க வேண்டிய தேவையே எழாது. அடுக்கின் உயரம் தோளைத் தாண்டக் கூடாது. இருவர் சேர்ந்து தூக்கினால் இருமடங்கு தூக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. இருவரின் தனித்தனித் திறனைக் கூட்டினால் வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாதுகாப்பானது என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் கூறுகிறது. இரவு உறக்கத்தில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைத்திருப்பதால், எழுந்தவுடன் குனிந்து தூக்குவது அவற்றை மிகுதியாக வருத்துகிறது. அதிகாலையில் லாரி வந்து நின்றாலும், தரைமட்டத்துச் சுமைகளைச் சற்றுப் பொறுத்து எடுக்கும்படி வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம்.

இவையெல்லாம் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கப்படும் இடத்தில் எளிதில் நடப்பதில்லை. நின்று மூச்சு வாங்கினால் வருமானம் குறையும் என்ற நிலையில் இருப்பவரிடம் நிதானமாகத் தூக்கச் சொல்வது நியாயமாகாது. இளைப்பாறும் நேரத்துக்கும் கூலி கணக்கிடப்பட வேண்டும்.

அதைவிட அடிப்படையானது மூட்டையின் அளவு. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் 128ஆம் பரிந்துரையில், வயது வந்த ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றது. காயம் விளைவிக்கக்கூடிய அளவுக்குக் கனமான சுமையை எவரையும் தூக்கவைக்கக் கூடாது என்று நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவும் சொன்னது. பிரிட்டனில் சிமெண்டு 25 கிலோ மூட்டையாக விற்கப்படுகிறது. நம் நாட்டில் யூரியா மூட்டையை 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். உரப் பயன்பாட்டைக் குறைப்பதற்காகச் செய்த மாற்றம் அது என்றாலும், அரசு முடிவெடுத்தால் நாடு முழுவதும் மூட்டையின் அளவை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. சிமெண்டுக்கும் நெல்லுக்கும் அரிசிக்கும் 25 கிலோ என்ற அளவைக் கொண்டுவரத் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்கு நிகரான கோரிக்கையாக வைத்துப் போராட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கிடையே, வலியோடு வேலை செய்துகொண்டிருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இடுப்பு வலியுடன் சிறுநீர் கழிக்க இயலாமல் போனாலோ, தொடைகளின் உட்பகுதியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, தைலம் தேய்த்தோ சுளுக்கு எடுத்தோ நேரத்தைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.