போடிமெட்டில் ஏறி, சின்னாறில் இறங்கி

மூணாறுக்குக் காரில் போய்வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மூன்று போட்டோவைத்தான் காட்டுகிறார்கள்: தேயிலைத் தோட்டம், ஏதோ ஓர் அணை, ஹோட்டல் ஜன்னல். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போனால் வேறென்ன கிடைக்கும்? போன வாரம் நண்பனும் நானும் என்னுடைய பழைய 150 சிசி வண்டியில் போடி வழியாக ஏறி, மறையூர், சின்னாறு பக்கமாக உடுமலைப்பேட்டையில் இறங்கினோம். ஊர் திரும்பி அழுக்குத்துணியைக்கூட இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை. வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதித் தருவதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

தேனி வரை சொல்ல ஒன்றுமில்லை. போடியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளாவுக்குள் பெட்ரோல் விலை கூடுதல்.

போடி முந்தலைத் தாண்டியதும் மலை எழும்பி நிற்கிறது. மேலே போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். செப்டம்பர் கடைசியில் போனதால்தான் இந்த வழியின் முழு வேடிக்கையும் தெரிந்தது. தென்மேற்குப் பருவமழையை இந்த மலை அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. நம் பக்கம் காற்று மட்டும்தான் வருகிறது. கீழே முதுகு வேர்த்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி மலையில் கை குளிர்ந்தது. மெட்டை நெருங்கியபோது மூடுபனிக்குள் நுழைந்து, செக்போஸ்ட்டில் நின்று மழைக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். இதைக் காரில் இருப்பவன் டிஸ்ப்ளேயில் டிகிரியாகப் படிப்பான். பைக்கில் போகிறவனுக்குத் தோல் சொல்லிவிடும்.

ஓர் எச்சரிக்கை. காலை நேரத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக இதே சாலையில் பறக்கும். வளைவில் நடுக்கோட்டைப் பற்றி அவர்களுக்குக் கவலையே கிடையாது. ஹாரன் அடித்து, இடது ஓரத்தை விடாமல் போங்கள்.

மெட்டைத் தாண்டியதும் ஏலக்காட்டு வாசனை. நிழல் மரங்களுக்குக் கீழே ஈரமாக, இருட்டாக இருக்கும் தோட்டங்கள். பறிப்பு நடக்கும் மாதம் என்பதால் காய் உலர்த்தும் கொட்டகைகளிலிருந்து சூடான ஏலக்காய் மணம் சாலை வரை வந்தது. வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் சும்மா மூச்சு இழுத்துக்கொண்டு நின்றோம். போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ!

பூப்பாறையில் ஒரு சின்னக் கடை, போர்டு கூட இல்லை. கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வேகவைத்து மசித்தது, பக்கத்தில் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. குழம்பு சிவப்பைப் பார்த்துப் பயந்தேன். காரத்துக்கு முன்னால் புளிப்புதான் நாக்கைப் பிடித்தது. நனைந்த ஷூவோடு, விரல் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சூடான கப்பை மாதிரி ஒரு மருந்து இல்லை. கேட்காமலே அந்தம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். இரண்டு பேர் பாலில்லாத கட்டன் சாயாவோடு சாப்பிட்டும் இருநூறைத் தாண்டவில்லை. மூணாறு டவுனில் அதே காசுக்கு ஆறிப்போன பிரைட் ரைஸ் ஒரு பிளேட் கிடைக்கிறது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டிப்பாதை கேரளாவின் சூரியநெல்லியிலிருந்துதான். நம் பைக்கை விடமாட்டார்கள். ஜீப் எடுத்தே ஆக வேண்டும். சூரியோதயம் பார்க்க அதிகாலையில் போனோம்.

"ரெண்டு பேர்னாலும் ஆறு பேர்னாலும் முழு ஜீப் காசுதான் தம்பி. மூவாயிரம்."

"கொஞ்சம் குறைச்சுக்கோங்கண்ணே."

"ரோடு அப்படிப்பா. டயரே மாசத்துக்கு ஒண்ணு போவுது."

சரி என்று கொடுத்தோம். ரோடு உண்மையிலேயே அப்படித்தான். அதை ரோடு என்பதே பெருந்தன்மை. ஆனால் கொஞ்ச தூரத்தில் ஜீப்பை நிறுத்தி இன்னும் நான்கு பேரை ஏற்றினார். "நம்ம பசங்கதான்" என்றார். மேலே போய் டீ குடிக்கும்போது பேசிப் பார்த்தால், அந்தப் பசங்களும் மூவாயிரம் கொடுத்திருக்கிறார்கள்! இறங்கிக் கேட்டதற்கு டிரைவர் சிரித்தார், அவ்வளவுதான். ஆறு பேராகச் சேர்ந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் பணம் கொடுக்கும் முன்பே வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்று பேசிவிடுங்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே நின்று, காலுக்குக் கீழே போடிப் பக்கம் மேகம் நிரம்பிக் கிடப்பதைப் பார்த்தபோது கோபம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. எங்கள் ரூம் வாடகையைவிட அந்த மூவாயிரம் அதிகம்.

சூரியநெல்லிக்குப் பக்கத்துச் சின்னக்கானல் என்றதும் நண்பனுக்கு அரிக்கொம்பன் ஞாபகம். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அந்த யானையை 2023 ஏப்ரலில் இங்கிருந்து பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் இறங்கி ஊரையே கலக்கியது. ஜூனில் நம் வனத்துறை மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. "இப்ப இங்க இல்லைல்ல?" என்று நண்பன் பலமுறை கேட்டான். அது இல்லை, மற்றவை இருக்கின்றன என்று சொன்ன பிறகு பின் சீட்டில் பேச்சே இல்லை.

அங்கிருந்து மூணாறு போகும் கேப் ரோடு அகலமாக, அருமையாக இருக்கிறது. மூணாறு டவுனில் டிராபிக், பார்க்கிங் தகராறு. நிற்காதீர்கள்.

மறையூர் சாலைதான் இந்தப் பயணத்தின் உச்சம். ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்துக்கு இடப்பக்கம் மேகத்துக்குள் ஒளிந்திருக்க, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இரண்டாவது கியரில், இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் தலையில் குட்டத் தோன்றுகிறது. மழை ஒரு வளைவில் நின்றது. அடுத்த சில வளைவுகளில் சாலை காய்ந்திருந்தது, மழைக்கோட்டுக்குள் வேர்த்தது. மறுபடியும் மழை மறைவுப் பகுதிக்கு வந்துவிட்டோம். கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள், பக்கத்திலேயே கரும்புத் தோட்டம். ஆலைக் கொட்டகையில் சக்கையைப் போட்டே அடுப்பு எரித்துப் பாகு காய்ச்சி, சூடு இருக்கும்போதே கையால் உருட்டுகிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கிலோ வாங்கினோம். ஊர் வந்து சேர்ந்தது முக்கால்தான்.

சின்னாறு முள்ளுக்காடு, வெயில், வறண்ட மண். காலையில் நடுங்கியதை நம்பவே முடியவில்லை. இருட்டினால் பைக்கை விடமாட்டார்கள், ஆகவே வனத்துறையின் ஒன்பதாறு செக்போஸ்ட்டை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுக்க வேண்டாம். யானை நடமாடும் இடம்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் நினைத்ததற்குள் அடங்கியது. ஜீப்தான் பட்ஜெட்டைக் கவிழ்த்தது. தங்க விரும்புகிறவர்கள் மறையூரில் தங்குங்கள், மூணாறைவிட வாடகை குறைவு, ராத்திரி ஹாரன் சத்தமும் இல்லை.