மேஃபிளவர் ரிச்சர்ட் மோருக்கு யார் அப்பா?

மார்ச் 4

1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர்களின் மேஃபிளவர் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட நான்கு மோர் பிள்ளைகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எலனுக்கு எட்டு வயது, ஜாஸ்பருக்கு ஏழு, ரிச்சர்டுக்கு ஐந்து, மேரிக்கு நாலு. கூடப் பெற்றவர்கள் யாரும் இல்லை. முதல் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தது ரிச்சர்ட் மட்டும்தான். அந்தக் குடியேற்றத்தின் கவர்னர் பிராட்ஃபோர்ட் பின்னாளில் எழுதிய பயணிகள் பட்டியலில் மேரியின் பெயரே இல்லை. அந்த இடத்தில் ரிச்சர்டின் இன்னொரு சகோதரன் என்றிருக்கிறது. கேட்பாரற்ற பிள்ளைகள் என்று வெகுகாலம் இவர்களை எண்ணியதில் வியப்பில்லை.

மார்ச் 6

ரிச்சர்ட் வளர்ந்து கப்பல் கேப்டனாகி, மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் குடியிருந்தார். 1684இல் அவர் கொடுத்த வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. தனக்கு எழுபது வயதிருக்கும், 1620இல் லண்டனில் இரும்பு வியாபாரி தாமஸ் வெஸ்டன் வீட்டில் இருந்தேன், அங்கிருந்துதான் அந்தக் குடியேற்றமான நியூ பிளிமத்துக்கு அனுப்பினார்கள் என்கிறார். எழுபதைக் கழித்தால் 1614. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஷிப்டன் தேவாலயப் பதிவேட்டில், அதே 1614 நவம்பர் 13 அன்று ரிச்சர்ட் மோருக்கு ஞானஸ்நானம். தந்தை சாமுவேல், தாய் கேத்ரின்.

மார்ச் 7

வேலை அதிகம். ஒன்றும் படிக்கவில்லை.

மார்ச் 11

சாமுவேல், கேத்ரின் கல்யாணம் 1611இல், சொந்தத்துக்குள் நடந்தது. லார்டன் என்ற குடும்பச் சொத்துக்கு வாரிசு கேத்ரின்; அது கைவிட்டுப் போகக்கூடாது. பெண் ஏழெட்டு வயது மூத்தவள், பையனுக்கு மீசை முளைக்கும் வயசு. 1616இல் நாலாவது குழந்தை பிறந்த கையோடு, பிள்ளைகளுக்குச் சொத்து சேராதபடி பத்திரம் எழுதிவிட்டார் சாமுவேல். பிள்ளைகளின் சாயல் ஜேக்கப் பிளேக்வே போல இருக்கிறதாம். பிளேக்வே பக்கத்து ஊர்க்காரர்.

மார்ச் 17

இன்று சாமுவேல் தரப்பு அறிக்கையின் வாசகம் முழுவதையும் வாசித்தேன். மோர் குடும்பக் காகிதங்களில் கிடந்த அது 1959இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிளேக்வேக்கும் தனக்கும் ஏற்கனவே நிச்சயமாகியிருந்தது, சாட்சி வைத்து நிரூபிக்க முடியாவிட்டாலும் கடவுள் முன்னால் அதுவே கல்யாணம் என்று கேத்ரின் சொன்னதாக அதில் வருகிறது. சரி, அவர் அப்படிச் சொன்னார் என்று நமக்குச் சொல்வது யார்? விவாகரத்துக்கு வழக்காடிய கணவன். பிள்ளைகளுக்காக 100 பவுண்டு கட்டி, ஏழு வருஷம் சோறும் துணியும், முடிவில் தலைக்கு ஐம்பது ஏக்கர் நிலமும் என்று பேசி, கடல் தாண்டி அனுப்பியவரும் அவரே. பிள்ளைகளை என்ன செய்தீர்கள் என்று 1622இல் கேத்ரின் தலைமை நீதிபதியிடம் மனுக் கொடுத்ததற்குப் பதிலாகத்தான் இந்த அறிக்கையே எழுந்தது. அதற்குள் மூன்று பிள்ளைகள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது.

மார்ச் 18

நிறைய வம்சாவளிப் பட்டியல்களில் தந்தை பிளேக்வே என்றே போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. உறவு இருந்திருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நாலு பிள்ளைகளும் அவருடையவை என்பதற்குச் சாயலைத் தவிர சாமுவேல் காட்டுவது என்ன? அந்தக் காலச் சட்டமும் கல்யாணமான வீட்டில் பிறந்த குழந்தையைக் கணவனுடையதாகவே கொள்ளும். தாய் விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை. என் குறிப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: தாய், லார்டன் கேத்ரின் மோர். தந்தை, பதிவேட்டின்படி சாமுவேல் மோர். அவர் மறுத்தார், ஜேக்கப் பிளேக்வே என்றார்.