சங்காயத்துக்கு விலை இருக்கிற வரை

மீன்பிடி விதிகளை அமல்படுத்துவது என்றால் ரோந்துப் படகில் போய் விரட்டிப் பிடிப்பது என்றுதான் வெளியில் பலருக்கும் எண்ணம். இந்த வேலையின் பெரும்பகுதி நடப்பது ஜெட்டியில், விடிகாலையில், படகுகள் வந்து கட்டுகிற நேரத்தில். கடலில் ஒரு விசைப்படகை நெருங்குவதற்குள் மடியை (படகு இழுத்துப் போகும் பை வலையை) அறுத்துவிடலாம், மீனைத் தண்ணீரில் தள்ளிவிடலாம். அறுத்த மடியை எடுத்து வைத்து நிரூபிப்பதற்கு ஆள் இல்லை. கரையில் வலை, மீன், டிரைவர், ஏலக்காரர், வியாபாரி எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். எவரும் ஓட முடியாது.

தமிழ்நாட்டில் அடிப்படை 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன் விதிகள் படிக்க எளிமையானவை. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மடி இழுக்கலாம். முன்பு இது 3 கடல் மைல். இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலைத் துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி அறவே கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை; 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 ஆனது. ஒவ்வொன்றும் ஒரு வரி. ஆனால் ஒவ்வொன்றையும் நிரூபிக்கிற வழி வேறு, அது கெட்டுப்போகிற வழியும் வேறு.

கண்ணி அளவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த வலையை அளந்தால் அளவு நிற்காது, ஈரமாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஓரத்தையும் தையல் போட்ட இடத்தையும் விட்டுவிட்டு, பையின் நடுப்பகுதியில் மடியின் நீளவாக்கில் அடுத்தடுத்த 20 கண்ணிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் இழுத்து நீட்டி, ஆப்பு வடிவ அளவுகோலைச் செருகி, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை குறித்து, சராசரி போட வேண்டும். முடிச்சைச் சேர்த்து அளந்தால் எண் கூடிவிடும். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் அளப்பது இன்னொரு வழக்கமான குழப்பம். ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர் இருக்கும் கண்ணி, இழுத்து நீட்டினால் ஏறக்குறைய 40 வரும். இரண்டு பேர் இரண்டு விதமாக அளந்து இரண்டு எண்ணை எழுதினால் அந்த வழக்கு அன்றைக்கே முடிந்தது.

அளவு சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை. பைக்குள் கையை விட்டு எத்தனை அடுக்கு என்று பார்க்க வேண்டும். வெளியே 40 மில்லிமீட்டர் வலை தெரியும். உள்ளே நெருக்கமான கண்ணியில் இன்னொரு பை தைத்திருப்பார்கள். தரையில் உரசித் தேயாமலிருக்க அடிப்பக்கம் கனமான உறை போடுவது நியாயம்தான். அதே உறை பையை முழுவதுமாகச் சுற்றியிருந்தால் அது வேறு கதை. இன்னொரு சிக்கல் வலையின் இயல்பிலேயே இருக்கிறது. வைரக்கண்ணி, அதாவது சாய்சதுர வடிவக் கண்ணி, பாரம் ஏறி இழுபடும்போது நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்கிறது. ஜெட்டியில் 40 காட்டிய கண்ணி கடலடியில் பாதிகூடத் திறந்திருக்காது. சதுரக்கண்ணி இழுவையில் திறந்தபடியே இருப்பதால்தான் அதை வலியுறுத்துகிறார்கள். இதைத் தொழிலாளியிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அதனால்தான் மாற்ற மனமில்லை.

இரட்டை மடிக்கு வலையைவிடப் பலகைதான் துப்பு. ஒற்றைப் படகு இழுக்கும் மடியின் வாயைத் திறந்து வைப்பவை இரு பக்கப் பலகைகள். இரட்டை மடியில் அந்த வேலையை இரு படகுகளுக்கு இடையிலுள்ள தூரமே செய்துவிடுகிறது. ஆக, பெரிய வாய் கொண்ட மடி இருந்து, பலகை இல்லாமலோ பலகைத் தாங்கியில் துரு ஏறிக் கிடந்தாலோ, அந்தப் படகின் கூட்டாளி எங்கே என்று தேட வேண்டும். வின்ச்சில் (மடிக் கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளையில்) ஒரு பக்கக் கம்பி தேய்ந்து பளபளக்கவும் மறுபக்கம் புதிதாகவும் இருப்பது அடுத்த அடையாளம். கடலில் என்றால் இரு படகும் ஒரே திசையில், ஒரே மெதுவான வேகத்தில், இடைவெளி மாறாமல் போகும். ஒரே ஒரு படம் எடுத்தால் இரண்டும் தற்செயலாக அருகருகே போயின என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டின் நிலையையும் குறித்தால் அந்த வாதம் எடுபடாது.

தூர விதியில் வழக்கு தோற்பது ஒரே காரணத்தால்தான். 5 கடல் மைல், அதாவது 9.26 கிலோமீட்டர், அதற்குள் படகு இருந்தது என்று மட்டும் காட்டினால் போதாது. படகு கரைக்கு வந்து போக அந்தப் பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். கம்பி முறுக்கேறித் தண்ணீருக்குள் போவது தெரிய வேண்டும், வேகம் இரண்டு மூன்று நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) அளவில் இருக்க வேண்டும், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், எழுதியிருக்கும் பதிவு எண் படிக்கும்படி இருக்க வேண்டும். நேரமும் ஜி.பி.எஸ். குறியீடும் ஒரே குறிப்பில் வர வேண்டும். குறியீட்டைக் கரைக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது கூடவே கூடாது. படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைத் தானாக அனுப்பும் கருவி) இதை எளிதாக்கும் என்ற நம்பிக்கை ஓரளவு சரிதான். ஆனால் அதன் மின்இணைப்பைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். பதிவைவிடப் பதிவில் விழும் இடைவெளி எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

தடைக்காலத்தில் பெரிய துறைமுகங்களைக் காப்பது எளிது, எல்லாப் படகும் கண்ணெதிரே கட்டிக் கிடக்கும். ஐஸ் ஆலையும் டீசல் பங்கும் எவ்வளவு ஓடுகின்றன என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கஷ்டம் கன்னியாகுமரி மாவட்டத்தில். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருகிறது. குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கரை, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டி. ஏப்ரலில் கிழக்கே பிடித்த மீன் மேற்கே பிடித்ததாகச் சொல்லிச் சந்தைக்கு வரலாம், ஜூன் பாதிக்குப் பிறகு அதுவே தலைகீழாகும். லாரியை நிறுத்தி எந்தத் துறைமுகம், எந்தப் படகு, எந்த ஏலம் என்று கேட்டுச் சீட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி மீன். பெட்டியில் பொடியாகக் கிடப்பதெல்லாம் குஞ்சு என்று எழுதிவிடக் கூடாது. காரலும் நெத்திலியும் வளர்ந்தாலும் சிறிசுதான். சங்கரா, கணவாய், சீலா இவற்றின் குஞ்சுகள் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. மேலாக இருப்பதை அள்ளாமல், பெட்டியின் நடுவிலிருந்து ஐந்து கிலோ எடுத்து, இனம் பிரித்து, அளவுப் பலகையில் வைத்துக் குறிக்க வேண்டும். கேரளத்தில் மீனின் நீளத்துக்கே குறைந்தபட்ச அளவு உண்டு: மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14. அளவுகோல் ஒன்றே போதும், மடியைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அழுத்தம் வலையின் மேல் இருப்பதால், வலையை ஒளித்தவர் பாதி தப்பிவிடுகிறார்.

இந்தப் பொடி மீனுக்கு இராமநாதபுரம் பக்கம் சங்காயம் என்று பெயர், வேறு கரைகளில் கழசல். ஒரு காலத்தில் கடலிலேயே தள்ளிவிட்டு வந்தது. இப்போது மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும் என்பதால் ஆலை எவ்வளவு வந்தாலும் வாங்கும். இங்கேதான் விதியின் பலவீனம் இருக்கிறது. அபராதம் படகு உரிமையாளர் மேல் விழுகிறது. பல இடங்களில் சங்காயம் விற்ற காசோ தொழிலாளர் கைக்குப் போகிறது, நல்ல மீனின் காசில்தான் டீசல் கழித்துப் பங்கு. மடியை எப்போது எடுப்பது, உள்பை போடுவதா வேண்டாமா என்று கடலில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். உரிமையாளருக்கு மானிய டீசலை நிறுத்தினாலும் அந்த முடிவு மாறாது. சங்காய வண்டிகளின் எடைச்சீட்டைத் தினமும் படகுவாரியாக வாங்கி வைத்தால், எந்தப் படகு வழக்கமாகப் பொடியை அள்ளுகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ரோந்துக்குச் செலவாகும் டீசலில் கால்வாசிகூட இதற்கு ஆகாது. ஆனால் ஆலைக்காரரைத் தொடுவது விசைப்படகைத் தொடுவதைவிடச் சங்கடமானது என்பதால் இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

பிடித்த பிறகு வழக்கின் காகிதம். மகஜரில் (கைப்பற்றியதை அங்கேயே எழுதும் பதிவில்) இரு சாட்சி, வலையின் துண்டு, அளவுக் குறிப்பு, படங்கள், மீனின் எடை. மீன் கெடும் பொருள் என்பதால் உடனே ஏலம் விட்டுப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். அந்த ஏலத்தில் கேட்பவர்கள் அதே ஜெட்டி வியாபாரிகள். உரிமையாளரின் முகத்துக்காக ஏலத் தொகையைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். மீனின் மதிப்பு வழக்கில் கணக்குக்கு வருவதால், அன்றைய ஏல விலையைப் பக்கத்துப் படகின் சீட்டிலிருந்து தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

பாக் நீரிணைப் பகுதியில் எல்லாமே இன்னும் இறுக்கம். விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள் (திங்கள், புதன், சனி), மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கிளம்பும் முன் டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு. டோக்கன் கொடுக்கிற மேசையே சோதனைக்கு மிகச் சிறந்த இடம், ஏனென்றால் அங்கே படகுக்காரர் நம்மைத் தேடி வருகிறார். ஆனால் இராமேசுவரம் பக்கம் கரையிலிருந்து 5 கடல் மைலைக் கழித்தால், சர்வதேச எல்லைக்கோடு வரை மிஞ்சுவது குறுகிய பட்டை. அத்தனை விசைப்படகும் அந்தப் பட்டைக்குள் மடி இழுக்க இடமில்லை. உள்ளே வந்தால் நாட்டுப்படகு வலை அறும், வெளியே போனால் இலங்கைக் கடற்படை. 2017-இல் இலங்கை இழுவை மடியையே தடை செய்துவிட்டது. அதே ஆண்டு இங்கே விசைப்படகை ஆழ்கடல் சூரை (டூனா) படகாக மாற்றும் திட்டம் வந்தது, ஒரு படகு 80 லட்சம் ரூபாய், பாதி மத்திய அரசின் பங்கு. பல நாள் கடலில் தங்கிச் சூரை பிடிப்பது, இரவு போய் விடியற்காலை திரும்பிப் பழகியவர்களுக்கு வேறு தொழில். அந்தப் பயிற்சிக்குக் கொடுத்த கவனம் படகு கட்டக் கொடுத்ததைவிடக் குறைவு என்பது என் கருத்து.

கூட்டங்களில் ஒன்றை மட்டும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது: விதியை மதித்தால் அடுத்த வருஷம் மீன் கூடும் என்று. கேரளக் கரையில் மத்தி 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது, 2021-இல் 3,500 டன்னுக்கும் கீழே போனது. குஞ்சு பிடித்தது ஒரு காரணம். கடல் வெப்பமும் மழையும் நீரோட்டமும் சேர்ந்தவை மற்றவை. வாக்குப் பொய்த்த வருஷம் எந்தப் படகும் அளவுகோலுக்கு மடியை நீட்டாது. முட்டையிடும் மீனுக்கு ஒரு முறையாவது முட்டையிட வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பதுவரை சொன்னால், கேட்பவர்கள் அதை மறுப்பதில்லை. பொடிக் கண்ணி போடாத படகுக்கு ஏலத்தில் என்ன கூடுதல் கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள்.