மேம்பாலத்துக் கல்

இன்று காலை பெங்களூரு டபுள் ரோடு மேம்பாலத்தில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, நடுவில் இருந்த தடுப்புக் கல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

பைக் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் திரும்பிப் போய்விட்டார். கல் பாதி சாலையில் கிடந்தது.

எனக்கு உடனே 'யூ டர்ன்' ஞாபகம்தான். 2016-ல் வந்த கன்னடப் படம், பவன் குமார் இயக்கியது. அதுவும் இந்த மேம்பாலத்தையும் இந்த மாதிரிக் கல்லையும் சுற்றித்தான்.

பயிற்சி நிருபராக ஷ்ரத்தா ஸ்ரீநாத். பாலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கல்லை நகர்த்திவிட்டுத் திரும்பும் வண்டிகளின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். கட்டுரைக்காக, வேறொன்றுமில்லை.

அப்புறம் அந்த எண்களுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள்.

பாழடைந்த பங்களா கிடையாது, தலைவிரி கோலம் கிடையாது. பேயை நம்பாதவர்கள்கூடப் பயப்படுவார்கள். ஏனென்றால் அந்தக் குற்றத்தை நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்திருப்போம். ஒரு கிலோமீட்டர் சுற்றச் சோம்பல், அவ்வளவுதான்.

2018-ல் சமந்தாவை வைத்து பவன் குமாரே இதைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். பளபளப்பு கூடுதல். எனக்கென்னவோ கன்னடத்தில் இருந்த அந்தத் தூசியும் வாகன இரைச்சலும்தான் பிடித்தது.

பார்க்காதவர்கள் கன்னடத்திலேயே பாருங்கள். முடிவை மட்டும் யாரிடமும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.