என் வாயில் நீர் இல்லையாம்

சென்ற செவ்வாய்க்கிழமை பல் மருத்துவர் என் வாய்க்குள் விட்ட சிறு கண்ணாடி, கன்னத்தின் உட்புறத்தில் தபால்தலையைப் போல ஒட்டிக்கொண்டது. வழுக்கிக்கொண்டு வர வேண்டிய பொருளைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்ததைக் கண்ட அவர், எட்டு மாதங்களில் ஈறோரமாக மூன்று பற்கள் சொத்தையான கதையையும் சேர்த்து யோசித்துவிட்டு, "உங்களுக்கு உமிழ்நீர் போதவில்லை என்று நினைக்கிறேன்" என்றார். யாரைப் பார்த்து? நான் பேசத் தொடங்கினால் எதிரே இருப்பவர் குடை விரிக்க வேண்டும் என்று குடும்பமே இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிற என்னைப் பார்த்து! என் மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவரில் தொங்கிய தாடைப் படத்தை அக்கறையாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

என் தரப்புச் சாட்சியாகத் தலையணை உறையை முன்வைத்தேன். அந்த உறையில் ஒவ்வொரு காலையும் ஒரு புதிய தீவின் வரைபடம் இருக்கும். மருத்துவர் அதை ஏற்கவில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றே போய்விடும் என்றும், வாயைத் திறந்துகொண்டு விழுங்காமல் தூங்குபவனுக்கு இருக்கும் கொஞ்சமும் வெளியே வழிந்துவிடும் என்றும், அது வளத்துக்கு அடையாளமல்ல, வீண்செலவுக்கு அடையாளம் என்றும் விளக்கினார். வழக்கு முதல் வாய்தாவிலேயே தோற்றது.

சோதனை மறுநாள். முன்னதாக ஒரு மணி நேரத்துக்குச் சொட்டுத் தண்ணீரும் கூடாது. தலையைச் சற்றுக் குனிந்து, மெல்லாமல், பேசாமல், விழுங்காமல், கீழுதட்டின் வழியே தானாக வழிவதை அளவுக்கோடு போட்ட குழாயில் 15 நிமிடங்கள் பிடிக்க வேண்டும். பேசாமல் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி, இதை வாரம் ஒரு முறை செய்துகொள்ளலாமா என்று செவிலியரிடம் விசாரித்தார்.

விளையாட்டாக இருக்கும் என்று நினைத்த வேலை. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் நீர் அது. காதுக்கு முன்னால் ஒரு இணை, கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு இணை, நாக்குக்கு அடியில் ஒரு இணை என்று ஆறு பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் பொடிச் சுரப்பிகளும் காவல் இருக்கின்றன. இத்தனை பேரை வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு குழாயை நனைக்க முடியாதா? முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மேடையேறிய முதல் நாளில் நா வறள்வது போல வறண்டது. பதற்றத்தில் மூளை அந்தச் சுரப்பிகளுக்கு அனுப்பும் தூண்டுதலைச் சுருக்கிக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பிடித்த பண்டங்களை ஒவ்வொன்றாக மனத்தில் வரவழைத்துப் பார்த்தேன். நினைத்தாலே நாவில் நீர் ஊறும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, மனிதனுக்கு நினைப்பால் ஊறுவது சொற்பம். தாடை அசைய வேண்டும், அல்லது நாவில் புளிப்புப் பட வேண்டும். நாய்களின் கதை வேறு. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் தம் நாய்களின் உமிழ்நீர்க் குழாயைக் கன்னத்துக்கு வெளியே திருப்பி வைத்துச் சொட்டுச் சொட்டாக அளந்தார். மணியோசை கேட்டதும் அவருடைய நாய்களுக்கு எச்சில் ஊறிய கதையையே எல்லாரும் நினைவு வைத்திருந்தாலும், 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. அந்த நாய்களோடு என்னை ஒப்பிட்டு நான் வெட்கித் தலைகுனிந்தேன். தலை ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது.

பொழுது போகாமல் நாக்கு நுனியால் மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தைத் துழாவினேன். இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேராக ஒரு சிறு மேடு தட்டுப்படும். காதோரச் சுரப்பியின் குழாய் திறப்பது அங்கேதான். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துக்கொண்டிருந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற மாணவர் அந்தக் குழாயைக் கண்டார். உடனே அவருடைய ஆசிரியர் பிளாசியஸ், அதைக் கண்டவன் நான் என்று சண்டைக்கு வந்தார். எச்சிலுக்கு உரிமை கோரி இருவர் அடித்துக்கொண்ட காலமும் இருந்திருக்கிறது. உள்ளே இருக்கும்வரை உமிழ்நீர் என்று மரியாதையாக அழைத்துவிட்டு, உதட்டைத் தாண்டிய கணத்தில் எச்சில் என்று முகம் சுளிக்கும் நமக்கு அது விளங்குவது கடினம்.

நேரம் முடிந்ததும் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று மில்லி! வெற்றிப் புன்னகையோடு நீட்டினேன். செவிலியர் அதை வாங்கி நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். நுரை அடங்கிக்கொண்டே போய், அடியில் ஒரு மெல்லிய கோடாக நின்றது. 0.8 மில்லி. இந்த 15 நிமிடங்களில் ஒன்றரை மில்லிக்கு மேல் வராவிட்டால் குறைபாடு என்று கணக்காம். இத்தனை ஆண்டுப் பேச்சும் நுரைதான் என்று மனைவி சொல்லவில்லை, முகம் சொல்லியது.

அடுத்து, சுவையில்லாத மெழுகுக் கட்டி ஒன்றை 5 நிமிடம் மெல்லச் சொன்னார்கள். அப்போது ஆறு மில்லி வந்தது. சும்மா இருக்கும்போது பெரும்பங்கு தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. மெல்லத் தொடங்கினால் காதோரச் சுரப்பிகளும் மதகைத் திறந்துவிடும். ஆகவே ஊற்று பழுதில்லை, யாரோ குழாயைத் திருகி மூடியிருக்கிறார்கள் என்றார் மருத்துவர். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். "தினமும் ராத்திரி தும்மலுக்கு ஒன்று போடுகிறாரே, அது மாத்திரையில் சேராதா?" என்று மனைவி கேட்டார். அதை நான் எந்நாளும் கணக்கில் சேர்த்ததில்லை. சுரப்பிக்கு நரம்பு கொண்டுவரும் அசிட்டைல்கோலின் என்ற தூதனைப் பழைய வகைத் தும்மல் மாத்திரைகள் வாசலிலேயே தடுத்துவிடுமாம். மூக்கை அடைக்கப் போய் வாயையும் அடைத்திருக்கிறேன்.

பற்கள் கெட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வாயின் pH, அதாவது குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் எண், 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். வேரோரம் அதற்கும் முன்பே கரையும். உமிழ்நீர்தான் பைகார்பனேட்டைக் கொண்டு அமிலத்தைத் தணித்து, கரைந்த இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மறுபடி பூசிவிட்டுப் போகும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான், ஆனால் அந்த மிச்ச ஒரு பங்கில் இருக்கிறது சூட்சுமம்: மாவை உடைக்கும் நொதி, கிருமியைக் கொல்லும் நொதி, எல்லாவற்றுக்கும் மேலாக மியூசின் என்ற வழவழப்பு. கவளம் வழுக்கித் தொண்டையில் இறங்குவதும், சொல் நாவில் ஒட்டாமல் வெளிவருவதும் அந்த வழவழப்பின் தயவு.

இதைக் கேட்டபோதுதான் அத்தையின் நினைவு வந்தது. அத்தையின் தண்ணீர் பாட்டிலைப் பற்றி இந்த வீட்டில் கேலி பேசாதவர் இல்லை, நான்தான் அதில் தலைவன். நான்கு வாய்க்கு ஒரு மடக்கு, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு மடக்கு. திருமணக் கூட்டத்திலும் பாட்டில் மடியில் இருக்கும். அத்தையின் மாத்திரைப் பெட்டியில் காலைக்கு ஐந்து, இரவுக்கு நான்கு. வெறும் தண்ணீர் வாயில் தங்காது, விழுங்கிய சில நிமிடங்களில் பழையபடி வறண்டுவிடும் என்பதை 0.8 மில்லி வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிரவு மாத்திரையைத் தொடவில்லை. ஆனாலும் முந்தைய நாளின் பிடி விடவில்லை போலும்; இரண்டு மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வந்தது. எழுந்து கூடத்துக்கு வந்தால், இருட்டில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. மடியிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகி என் பக்கம் நீட்டினார்.

"உடனே முழுங்கிடாதேடா, கொஞ்ச நேரம் வாயிலேயே வச்சிரு" என்றார்.