பூனைப் படம் போட்ட ஓனர்

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் எங்களுக்கு ஒரு பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருந்தார். பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடுவில் ஒன்று: எங்கள் நிரலை இன்றைய தேதியில் யார் யார் பார்க்க முடியும், யார் யார் மாற்ற முடியும்? எங்கள் அலுவலகத்தில் மொத்தமே 31 பேர். ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம் என்று நிரலைச் சேமித்துவைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் எங்கள் ஆர்கனைசேஷன் (நிறுவனக் கணக்கு) பக்கத்தைத் திறந்தேன். உறுப்பினர்கள் 46 பேர் என்றது.

பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள், கோடை விடுமுறையில் வந்த பயிற்சி மாணவர்கள், ஒரே ஒரு முறை வடிவமைப்புச் செய்து தந்தவர் என்று எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். கடைசி நாளில் கேக் வெட்டி, மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறோம். இதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. எல்லா அதிகாரமும் உள்ள ஓனர்கள் மட்டும் ஒன்பது பேர். அதில் ஒருவர் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா. மாதக் கட்டணம் செலுத்துவதற்காக அவரை ஓனர் ஆக்கியிருக்கிறார்கள். கட்டணத்தைக் கவனிக்க என்றே தனிப் பொறுப்பு ஒன்று அங்கே உண்டு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இன்னொரு ஓனர் யாரென்றே பிடிபடவில்லை. பெயரில் நான்கைந்து எண்கள், முகத்துக்குப் பதில் ஒரு சாம்பல் நிறப் பூனை.

பார்த்தது நான் என்பதால் சரிசெய்யும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரு ரெப்போவுக்கு, அதாவது ஒரு திட்டத்தின் நிரல் இருக்கும் இடத்துக்கு, அங்கே ஐந்து படி அனுமதி உண்டு: ரீட் (படிக்க மட்டும்), ட்ரையாஜ் (பிழைப் பதிவுகளைக் கவனிக்க), ரைட் (நிரலை மாற்ற), மெயின்டெய்ன் (ரெப்போவை நிர்வகிக்க), அட்மின் (முழு அதிகாரம்). எங்களுக்கு முதலும் கடைசியும்தான் தெரியும். யாராவது வந்து "திறக்கவில்லை" என்றால் அட்மின் கொடுத்துவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது. சோதனைப் பிரிவினருக்குத் தேவை, பதிவான பிழைகளுக்கு அடையாளம் போடுவது, ஆள் ஒதுக்குவது, மூடுவது, அவ்வளவுதான். அதற்கு ட்ரையாஜ் போதும். நிரலில் கைவைக்க வேண்டியதில்லை. ரைட் என்பது நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். அந்த அனுமதி உள்ளவர், தானாக ஓடும் வேலைகளின் கோப்பை மாற்றி, ரெப்போவில் ரகசியமாக வைத்திருக்கும் கடவுச்சொற்களை வெளியே எடுத்துவிட முடியும். திரையில் நட்சத்திரக் குறிகளாகத் தெரிவதால் பத்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். இதைப் படித்த அன்றே, வாடிக்கையாளர் சர்வரின் சாவிகளை எல்லாம் மூன்று பேர் மட்டும் தொடக்கூடிய தனி ரெப்போவுக்கு மாற்றினேன்.

பிறகு குழுக்கள். ஒவ்வொரு வாடிக்கையாளர் வேலைக்கும் ஒரு குழு, பயிற்சியாளர்களுக்குத் தனிக் குழு. பயிற்சியாளர்களுக்கு ரீட் மட்டும். இரண்டு மாலைகள் உட்கார்ந்து செய்து முடித்து, அனைவருக்கும் பெருமையாக மின்னஞ்சலும் அனுப்பினேன். மறுநாள் காலை, சேர்ந்து ஒரு மாதமே ஆன தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்தான். "அக்கா, பூட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இன்னும் எல்லாம் திறந்துதான் இருக்கிறது" என்றான்.

உண்மைதான். ஆர்கனைசேஷனுக்கென்று ஓர் அடிப்படை அனுமதி இருக்கிறது. உறுப்பினராகச் சேரும் எல்லாருக்கும் எல்லா ரெப்போவிலும் அது தானாகவே கிடைத்துவிடும். இயல்பாக அது ரீட்தான். எங்களுடையதை என்றைக்கோ யாரோ ரைட் என்று மாற்றியிருந்தார்கள். ஒருவருக்குப் பல வழிகளில் அனுமதி வந்தால் அவற்றில் பெரியதே செல்லும். ஆகவே நான் குழுவில் ரீட் என்று எழுதிவைத்தது, வாசல் கதவு திறந்துகிடக்க ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை.

வெள்ளிக்கிழமை மாலை அந்த அடிப்படை அனுமதியை ஒன்றுமில்லை என்று மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலையில் இப்படி எதையும் மாற்றக் கூடாது என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்பவள்தான் நான். திங்கள் காலை பாதிப் பேருக்கு வேலை ஓடவில்லை. எல்லாத் திட்டங்களும் பயன்படுத்தும் பொது நூலக ரெப்போ ஒன்று இருந்தது. அது எந்தக் குழுவிலும் இல்லை. இதுவரை அடிப்படை அனுமதியின் தயவில் எல்லாருக்கும் தெரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அனைவரையும் உள்ளடக்கிய ஒரு தாய்க் குழு அமைத்து, அதற்குப் பொது ரெப்போவில் ரீட் கொடுத்து, மற்றக் குழுக்களை அதன் கீழ் வைத்தேன். மேலே கொடுப்பது கீழே தானாக இறங்கும்.

அடுத்து, போனவர்களை நீக்குவது. ஒருவரை நீக்கினால், எங்கள் தனியார் ரெப்போவிலிருந்து அவர் தன் கணக்கில் எடுத்துவைத்த நகலும் (ஃபோர்க்) சேர்ந்து அழிந்துவிடும். நல்லவேளையாக இதை முன்பே படித்திருந்தேன். ஒருவருடைய ஃபோர்க்கில், எங்கள் நிரலோடு இணைக்கப்படாத அறிக்கைப் பகுதி ஒன்று கிடந்தது. அவரையே தொலைபேசியில் பிடித்து, அந்தப் பகுதியை எங்கள் ரெப்போவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் நீக்கினேன். அவர் கணினியில் இருக்கும் நகலை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தில் அதையும் மறைக்காமல் எழுதினேன்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஒன்று தப்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகிய மூத்தவர் ஒருவரின் கணக்கை நீக்கிய மறுநாள், வாடிக்கையாளர் சர்வர் புது நிரலை எடுக்க மறுத்தது. திரையில் வந்த செய்தி: அப்படி ஒரு ரெப்போ இல்லை. யாரோ ரெப்போவையே அழித்துவிட்டார்கள் என்று எனக்கு வயிறு கலங்கியது. உலாவியில் திறந்தால் ரெப்போ குத்துக்கல் மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது: அனுமதி இல்லாதவர் தனியார் ரெப்போவைக் கேட்டால், "உனக்கு அனுமதி இல்லை" என்று கிட்ஹப் சொல்லாது. அப்படிச் சொன்னால் அந்தப் பெயரில் ஒன்று இருப்பது தெரிந்துவிடும் அல்லவா? அதனால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது.

சர்வருக்குள் போய் ரெப்போவின் முகவரியைப் பார்த்தேன். முகவரிக்கு நடுவிலேயே அந்த மூத்தவருடைய டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி), யார் வேண்டுமானாலும் படிக்கும்படி முழுசாக எழுதியிருந்தது. அவருடைய சொந்த ரெப்போக்களும் அதே டோக்கனில் திறக்கும். உடனே அழைத்து, ரத்து செய்யச் சொன்னேன். "இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பதில் டிப்ளாய் கீ என்ற வேறு வகைச் சாவி போட்டோம். அது ஆளோடு சேராது, ரெப்போவோடு சேரும். உருவாக்கியவர் போனாலும் வேலை செய்யும். நாமாக மாற்றாதவரை படிக்க மட்டுமே விடும். தொல்லை என்னவென்றால், ஒரு சாவி ஒரு ரெப்போவுக்குத்தான். அந்தச் சர்வருக்கு நான்கு ரெப்போ தேவை. நான்கு சாவி செய்து, எது எதற்கு என்று பெயரெழுதி வைத்தோம். ஆளோடு சேராத சாவி என்பதால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதும் நாங்கள்தான்; பணியாளர் விலகும்போது பார்க்கும் பட்டியலில் இப்போது அதற்கும் ஒரு வரி இருக்கிறது.

இதெல்லாம் கருவி சம்பந்தப்பட்ட சங்கடம். மனிதர்களோடு பட்டது வேறு. ஒன்பது ஓனர்களை இரண்டாகக் குறைக்க வேண்டும்: நிறுவனர் ஒருவர், சர்வர்களைக் கவனிப்பவர் ஒருவர். ஒருவர் மட்டும் இருந்தால், அவர் கைபேசி தொலைந்த அன்று எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். மீதிப் பேரில் பெரும்பாலோர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழுத்தலைவர் மட்டும் தேநீர் வேளையில் என்னைத் தனியாக அழைத்தார். "எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். என் மேல் என்னம்மா சந்தேகம்?" தன் பெயருக்குப் பக்கத்தில் ஓனர் என்று இருப்பதை அவர் மூப்புக்குக் கிடைத்த மரியாதையாக வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கடைசியாக எப்போது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார் என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. புதுப் பட்டியலைத் திறந்து, "சார், என் பெயரும் இதில் இல்லை, பாருங்கள்" என்றேன். பார்த்தார். அவர் குழுவின் ரெப்போக்களில் அவருக்கு மெயின்டெய்ன் இருந்தது. அன்றாட நிர்வாகத்துக்கு அது தாராளம். "சரி" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் என்னோடு அளந்துதான் பேசினார்.

பூனை மட்டும் மிச்சமிருந்தது. நிகழ்வுப் பதிவேட்டில் 180 நாள்களுக்கு மேல் பழையது கிடைக்காது. அந்தக் கணக்கு அதற்குள் எதையும் தொடவில்லை. எங்கள் மிகப் பழைய ரெப்போவில் முதல் கமிட் (பதிவான மாற்றம்) வரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். முதல் பதினோரு கமிட்டும் பூனையுடையவை. மின்னஞ்சல் முகவரியில் எங்கள் நிறுவனரின் பெயர் இருந்தது.

அவர் அறைக்குப் போய்த் திரையைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுவனத்தைத் தொடங்கியபோது வைத்திருந்த கணக்கு. கடவுச்சொல் மறந்துபோய்ப் புதிதாக ஒன்று தொடங்கிக்கொண்டாராம். பூனை, அப்போது குடியிருந்த வாடகை வீட்டு மாடிக்குத் தினமும் வந்துபோன பூனை.

"நீக்கிவிடட்டுமா சார்?" என்றேன்.

"நீக்கிவிடும்மா" என்றார். நான் கதவைத் திறக்கும்போது மறுபடியும் கூப்பிட்டார். "அதற்கு முன் அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிடு. வேறு படம் என்னிடம் இல்லை."